விடுங்க மாப்பிள்ளை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மேலிருந்து விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப் போன நேரம். மேல் வீட்டில் ஏதோ கனமாகத் தொப்பென்று விழுந்தது. கூடவே ஓர் ஆண் குரல்: "விடுங்க மாப்பிள்ளை!" மறுபடி தொப். "விடுங்க மாப்பிள்ளை!" அடுத்த தடவை குரலில் அவசரம் கூடியிருந்தது. "மாப்ள, விடுங்க!" தொப்.

மாப்பிள்ளை ஒருவன் மச்சானைப் போட்டுப் புரட்டி எடுக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் கதை எழுதுகிறவன் என்பதால், ஓடிப்போய் விலக்குவதற்குப் பதிலாக முதல் வரியை எழுதினேன்:

அந்த வீட்டில் மாப்பிள்ளையின் கைதான் ஓங்கியிருந்தது என்பதை, முதல் அடி விழுந்தபோதே அவர்கள் எல்லோரும்—

இந்த வாக்கியம் இதற்கு மேல் போகாது. அழிக்கவும் மனம் வரவில்லை, கிடக்கட்டும். எழுதி முடிப்பதற்குள் மனசாட்சி உறுத்தி, மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். இரண்டு கையிலும் தலையணை மாதிரி கையுறை. அவருக்குப் பின்னால் கூடத்தில் மெத்தை விரித்திருந்தது. மாப்பிள்ளை என்று சொல்லும்படி அங்கே ஒரு ஜீவனும் இல்லை.

"சத்தமா இருக்கா சார்? மன்னிச்சுக்குங்க," என்றார். "மரியாதை பழகிட்டிருக்கேன்."

2

அவர் கோல்கீப்பர். விளையாட்டுக்கு அல்ல, பிழைப்புக்கே அதுதான். ஊரின் கால்பந்து கிளப்பில் சம்பளத்துக்குப் பந்து பிடிக்கிறவர். ரசிகர்கள் வைத்த பெயர் 'கதவு'. அவர் நின்றால் வழி சாத்தியாயிற்று என்று அர்த்தம். தோற்ற நாட்களில் இதே பெயரை வைத்துக்கொண்டு வேறு விதமாகவும் சொல்வார்கள். தாழ்ப்பாள், கீல், கரையான் என்று ரசிகர்களின் கற்பனைக்குப் பஞ்சமில்லை.

அவருடைய ஆரம்பத்தை நான் இப்படி எழுதினேன்: சிறு வயதிலேயே அவருடைய கண்கள் பந்தைத் தேடத் தொடங்கின.

லிஃப்டில் வைத்துப் படித்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"என் கண்ணு எதையும் தேடல சார். எனக்கு ஓட வரல. அவ்வளவுதான்."

(அழகான பொய்யை எழுதிவிட்டு, அதற்குச் சொந்தக்காரரிடமே காட்டக் கூடாது. எழுத வருகிற இளைஞர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே அறிவுரை இது.)

நடந்தது என்னவென்றால், பள்ளிக்கூடத்து மைதானத்தில் அவர் பந்தோடு ஓடிய அழகைப் பார்த்து, விளையாட்டு வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "நீ போய் அந்தக் கம்பத்துக்கு நடுவுல நில்லு. யார் வழியிலயும் வராத!" அன்றைக்குப் போய் நின்றவர்தான். வழியில் வராதே என்று சொல்லி அனுப்பப்பட்ட ஆள், வருகிறவன் போகிறவன் வழியையெல்லாம் மறிப்பதையே தொழிலாக்கிக்கொண்டார்.

கிளப்பில் சேர்ந்தும் பல வருஷம் பெஞ்சில்தான். முதல் கீப்பருக்கு இரும்பு உடம்பு. மழையில் நனைவார், வெயிலில் காய்வார், எதுவும் ஆகாது. அவர் தும்மினால் நம்மாளுக்கு நெஞ்சு படபடக்கும். அது வெறும் தூசித் தும்மல் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிடுவார். கடைசியில் அந்த மனிதரைப் பெரிய கிளப் ஒன்று கூட்டிக்கொண்டு போனது. நம்மாள் கம்பங்களுக்கு நடுவே வந்தார். அதே வருஷம் அவருக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக வந்து நின்றவன்தான் 'தூண்'.

3

கோல்கீப்பரின் வேலை பந்தைப் பிடிப்பது என்று நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

"பிடிக்கிறது கடைசி வேலை சார்," என்றார் கதவு. "முதல் வேலை கத்துறது."

மைதானம் முழுக்கக் கண்ணில் படுவது அவர் ஒருவருக்குத்தான். தடுப்பாட்டக்காரன் அவருக்கு முதுகு காட்டி நிற்கிறான். அவன் முதுகுக்கு அவர்தான் கண். பந்து உயரத்தில் வருகிறது, அதை அவன் தலையால் முட்ட வேண்டுமா, கீப்பருக்கு விட வேண்டுமா? யோசிக்க நேரமில்லை. கத்த வேண்டும், அவன் கேட்க வேண்டும்.

கதவு கத்தினார். தூண் கேட்டான். "விடுடா எருமை!" என்றால் விட்டான். "ஏறுடா தடிமாடு!" என்றால் முன்னால் ஏறினான். "இடது பக்கம் பாருடா குருடா!" என்றால் பார்த்தான். ஆட்டம் முடிந்ததும் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள்.

"அண்ணே, இன்னிக்கு ஏன் ரெண்டே தடவைதான் திட்டுனீங்க? ஒடம்பு சரியில்லையா?" என்று தூண் கேட்பானாம்.

அந்த வருஷம் லீக்கிலேயே குறைவாக கோல் வாங்கிய அணி அவர்களுடையது. கதவும் தூணும் இருக்கிற வீட்டில் திருடன் நுழைய முடியாது என்று பத்திரிகைகள் எழுதின.

இதில் ஒரு பக்க விளைவு. 'குருடா, குருடா' என்று கேட்டுக் கேட்டுத் தூணுக்குத் தன் பார்வை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "அண்ணே, நிஜமாவே எனக்குக் கண்ணு சரியில்லயோ?" என்று ஒருநாள் கவலையோடு கேட்டான். கதவின் தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். போய்ப் பார்த்துக்கொண்டு வா என்று அனுப்பிவைத்தார். போனான். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவள் சொன்ன பிறகும், சந்தேகம் தீரவில்லை என்று மறுவாரம் போனான். அதற்கடுத்த வாரமும் போனான். கடைசியில் கல்யாணம்தான் ஆயிற்று.

கல்யாணத்தில் தூண் பேசியதாகச் சொல்வார்கள்: "அண்ணன் மட்டும் என்னை மரியாதையா நடத்தியிருந்தா, எனக்கு இந்தப் பொண்ணு கிடைச்சிருக்கவே மாட்டா." எல்லோரும் சிரித்தார்கள். வரப்போகிறது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

4

கல்யாணத்துக்குப் பிந்திய முதல் ஆட்டத்தை டிவியில் காட்டினார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் மைக் வைத்திருந்தார்கள். பந்து வலையில் உரசும் ஓசைகூட வீட்டுக்கூடத்தில் கேட்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வீட்டுக்கூடத்தில் கேட்டது "விடுடா எருமை!"

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்ததும் கதவின் போன் அடித்தது. அம்மா.

"தம்பி, மாப்பிள்ளைய அப்படியா சொல்றது?"

"அம்மா, அது ஆட்டம்மா. எப்பவும் சொல்றதுதான்."

"எப்பவும் அவர் யாரோ. இப்ப உன் தங்கச்சி புருஷன். சம்பந்தி வீட்ல டிவி இல்லையா? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, உன் அண்ணன் என்னை எருமைன்னவன்தானேன்னு ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தை அவளத்தான் சுடும்."

கதவு போனிலேயே, இனிமேல் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு பந்து வானத்தில் வந்தது. கதவு முன்னால் ஓடி வந்தார். "விடுங்க மாப்பிள்—" 'ளை' வருவதற்குள் பந்து வலைக்குள் போய்விட்டது.

கொஞ்சம் இலக்கணம் பேசுவோம். 'விடுடா' மூன்று எழுத்து. 'விடுங்க மாப்பிள்ளை' ஒன்பது எழுத்து. ('எருமை'யைச் சேர்க்கவில்லையே என்று கேட்கும் வாசகருக்கு: வேலை செய்வது 'விடுடா'தான். 'எருமை' பாசம். அது ஆபத்து நீங்கிய பிறகு சாவகாசமாகச் சேர்த்துக்கொள்வது.) மரியாதைக்கு நேரம் பிடிக்கும், நம் மொழி அப்படி. பந்து இலக்கணம் படித்ததில்லை, காத்திருக்காது.

இதில் பாதிக் குற்றம் தூணுடையது. முன்பெல்லாம் முதுகுப்பக்கம் கேட்ட குரலுக்கு அவன் உடம்பு தானாக அசையும். இப்போது மச்சான் மரியாதையாக அழைக்கிறார். மரியாதையாக அழைப்பவருக்கு முதுகைக் காட்டியா பதில் சொல்வது? திரும்பி நின்று, "சொல்லுங்க மச்சான்," என்றான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பணிவோடு பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் பந்து போயிற்று.

அதன் பிறகு வரிசையாகத் தோல்வி. பட்டியலின் உச்சியில் இருந்த அணி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கோச் கதவைத் தனியே கூப்பிட்டார்.

"என்னய்யா நடக்குது உங்க ரெண்டு பேருக்குள்ள? சண்டையா?"

"இல்ல கோச். சொந்தம்."

கோச் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கடைசி ஆட்டம் ஒண்ணுதான் பாக்கி. டிரா பண்ணாப் போதும், தப்பிச்சோம். தோத்தா கீழ் லீக். உங்க ரெண்டு பேரையும் சேத்து இறக்க எனக்குத் தைரியம் இல்ல. ஒருத்தர் வெளிய உக்காரணும். நீதான் கேப்டன், யாருன்னு நீயே சொல்லு."

தூணை உட்கார வைத்தால், கல்யாணமான முதல் வருஷமே மாப்பிள்ளையின் பிழைப்பில் மச்சான் கைவைத்தார் என்றாகும். தான் உட்கார்ந்தால், இந்த வயதில் பெஞ்சுக்குப் போகிற கீப்பரை மறுபடி யாரும் எழுப்ப மாட்டார்கள். அவர் கேட்டது ஒன்றுதான். "ஒரு வாரம் குடுங்க கோச். பழகிப் பாக்கறேன்."

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் நான் கண்ணயரப் போனது.

5

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. காரணம் அம்மா.

முதல் வரைவில் நான் அவரைக் கத்தி அதிகாரம் செய்கிறவராக எழுதியிருந்தேன். நகைச்சுவைக் கதைக்கு அப்படி ஓர் அம்மா வசதி. 'அவர் போனில் பேசினால் போனே தேவையில்லை' என்று ஒரு வரிகூட இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வரி.

ஆட்டமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, மகனிடம் நான் படிக்கக் கொடுத்திருந்த அந்த வரைவை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவே என் வீட்டுக்கு வந்தார். (காலத்தால் இது பின்னால் வர வேண்டியது. இங்கே சொல்லாவிட்டால் அடுத்தது புரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) மெலிந்த உடம்பு. அவர் சொன்னதைக் கேட்க நான் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட வேண்டியிருந்தது.

"கத்தினேன்னு எழுதியிருக்கீங்க. நான் கத்தினதே இல்லைங்க."

"மாத்திடறேம்மா."

"எங்க வீட்ல கத்துறதுக்குன்னே ஒருத்தர் இருந்தார். இதுங்க அப்பா. இருந்தவரைக்கும் என்னை 'ஏய்'தான். 'ஏய் இங்க வா.' 'ஏய் கழுதை, கண்ணு தெரியல?' சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். வந்தவங்களும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்." புடவை நுனியைச் சரிசெய்துகொண்டார். "எம் பொண்ணு வீட்டுக்குள்ள அந்த மாதிரி வார்த்தை எந்தப் பக்கத்துலேர்ந்தும் நுழையக் கூடாதுன்னு நெனச்சேன். விளையாட்டாக்கூட. அவ்வளவுதான்."

[இந்தப் பத்தி நகைச்சுவைக் கதையில் இருக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எடுத்தால் கதை இன்னும் வேகமாக ஓடும். இருந்துவிட்டுப் போகட்டும், ஓடி எங்கே போகப்போகிறது.]

எனக்குப் பிடித்த அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன். அதாவது, மேலே மேற்கோளில் இருக்கிறதே, அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற இடத்திலெல்லாம்.

6

பழகிப் பார்த்ததில் பலன் இல்லை. மெத்தைதான் கிழிந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் கதவு கோச்சிடம் போய், "என்னையே உக்கார வையுங்க," என்று சொல்லிவிட்டார்.

செய்தி தங்கைக்கு எட்டியது. கடையில் ஒருவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தவள், அவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? பேசாம திட்டிட்டுப் போண்ணா!"

"அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்டி."

"எம் புருஷன் ராத்திரி படுத்தா தூங்கறதில்ல, தெரியுமா? அண்ணனுக்கு எம்மேல கோவம், அதான் வாங்க போங்கன்னு பேசறாருன்னு பொலம்பறாரு. நீ மரியாதை குடுத்து எங்க குடும்பத்தக் கெடுக்கற."

"அம்மா?"

"அம்மாவ நான் பாத்துக்கறேன்."

கதவால் உட்காரவும் முடியவில்லை. ஆட்டத்தன்று காலை மாற்றுக் கீப்பருக்கு அனலாய்க் காய்ச்சல். ஒரு காலத்தில் நம்மாள் வேண்டாத தெய்வமில்லாமல் வேண்டிய காய்ச்சல், இத்தனை வருஷம் கழித்துத் தப்பான ஆளுக்கு வந்து சேர்ந்தது. கோச் வானத்தைப் பார்த்தார், இருவரையும் இறக்கினார்.

7

தங்கை செய்த ஏற்பாடு எளிமையானது. அம்மாவை மைதானத்துக்கே கூட்டிவந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் முதல் வரிசையில், தன் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அதற்குமேல் அவள் ஒன்றும் செய்யவில்லை, தேவையும் இருக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் சம்பந்தியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"போடா தடிமாடு! கால்ல என்ன வேரா விட்டிருக்கு? ஏறுடா!"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரைச் சொல்கிறார் என்று பார்த்தால், பெற்ற பிள்ளையைத்தான்.

"ஒங்க பையனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா சம்பந்தி?" என்று சம்பந்தியம்மா கேட்டார். "முன்னல்லாம் எம்புள்ளைய எவ்வளவு அழகாத் திட்டுவாரு! அதக் கேக்கத்தான் நான் டிவியே போடுவேன். அவன் பெத்தவ திட்டினாக் கேக்க மாட்டான், அவர் திட்டினாத்தான் கேப்பான். இப்ப என்னமோ வாங்க போங்கங்கறாரு. எம்புள்ளை மேல ஏதாவது வருத்தமா? இருந்தா சொல்லிடுங்க."

"வருத்தமா? ஐயோ, அதெல்லாம் இல்லைங்க," என்றார் அம்மா. அந்தச் சத்தத்தில் அது சம்பந்தியம்மாவுக்குக் கேட்டிருக்காது.

கோல் விழாமல் ஆட்டம் முடிவை நெருங்கியது. டிரா போதும். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மூலையிலிருந்து உதைத்த பந்து உயர்ந்து, வளைந்து, நேரே கோலுக்கு முன்னால் இறங்கியது. தூண் முட்டுவதற்குக் குதிக்கப் போனான். கதவு பந்தை நோக்கி ஓடினார். வாயைத் திறந்தார். "விடுங்க மா—"

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அப்படி ஒரு குரலை அந்த மைதானம் கேட்டதில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரே கேட்டதில்லை.

"விடுடா எருமை!"

அம்மா. எழுந்து நின்று, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க.

தூண் உடனே விட்டான். மாதக்கணக்காகக் காத்திருந்த கட்டளை, அவன் உடம்பு அதற்குத் தானாகப் பணிந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

கதவும் விட்டார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மா விடச் சொன்னால் விடுவதுதான் அவருக்குப் பழக்கம். தவிரவும், பந்து எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டிய நேரத்தில் அவர் திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து இருவருக்கும் நடுவில் ஒருமுறை குதித்தது, பிறகு அவசரமில்லாமல் உருண்டு உள்ளே போயிற்று.

8

அணி கீழ் லீக்குக்கு இறங்கியது. 'கதவு திறந்தது' என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. அதைவிடச் சுலபமான தலைப்பு அவர்களுக்கு அந்த வருஷம் அமையவில்லை.

இருவரையும் வேறு எந்தக் கிளப்பும் கேட்கவில்லை, ஆகவே இருவரும் அங்கேயே இருந்தார்கள். கீழ் லீக்கில் டிவி இல்லை, மைக் இல்லை. கதவு ஆசை தீரக் கத்தினார். தூண் மறுபடி தூங்க ஆரம்பித்தான் என்று தங்கை சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து அணி மேலே வந்தபோது கதவுக்கு முட்டி போய்விட்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினார். இப்போது அதே கிளப்பில் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். முதல் மாதம் பந்தைக் கையிலேயே கொடுக்க மாட்டாராம். கத்தத்தான் பழக்குகிறாராம்.

கதையை இங்கே முடித்திருப்பேன். முடிக்க விடவில்லை.

நேற்று சாயங்காலம் அம்மாவும் மகனும் சேர்ந்தே வந்தார்கள். முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"ஒரே ஒரு உதவிதான்," என்றார் அம்மா, வழக்கமான தாழ்ந்த குரலில். "கதையிலயாவது தம்பி அந்தப் பந்தப் புடிக்கட்டுமே. நான் போட்ட சத்தத்தையும் எடுத்துடுங்க. எனக்கு வெக்கமா இருக்கு. என்னாலதானே இவன் பேரு கெட்டுச்சு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பேனா என்னுடையது, பந்து காகிதத்தில் இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றினால் ஒரு மனிதரின் பெயர் நிமிரும். எழுதியும் பார்த்தேன்:

கதவு உயரக் குதித்தார். பந்து அவருடைய இரு கைகளுக்குள்—

"வேணாம் சார்," என்றார் கதவு. "பந்து உள்ளயே போகட்டும்."

"ஏம்ப்பா?"

"நான் எத்தனையோ பந்து புடிச்சிருக்கேன், எனக்கே ஞாபகம் இல்ல. இதையும் புடிச்சிருந்தா அன்னிக்கு அம்மா கத்தினது ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. இப்ப ஊரே சொல்லுது."

"ஊரு சிரிக்குதுடா."

"சிரிக்கட்டும்மா. இந்தத் தடவை நீ பேசினதுக்குத்தானே சிரிக்குது."

"அதெல்லாம் வேணாம். சார், புடிச்சான்னே எழுதுங்க."

"எழுதாதீங்க சார்."

"எழுதுங்க."

"அம்மா, நான்தான் கீப்பர், நான் சொல்றதுதான்—"

"வாய மூடுடா! நான் பேசிட்டிருக்கேன்ல!"

மேசைமேல் இருந்த தம்ளர் அதிர்ந்தது. எதிர் வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பேச இருப்பவர் மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். இதை எழுதும்போதும் அவர்கள் முன்னறையில்தான் இருக்கிறார்கள். மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், சத்தம் அம்மாவுடையதுதான் கூடுதல். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் வந்து உட்கார்ந்து, பிடித்தாரா விட்டாரா என்று ஏதாவது ஒன்று சொன்னால் நல்லது. ஆனால் சத்தமாகச் சொல்லுங்கள். மெதுவாகப் பேசினால் அந்த அம்மா இப்போதெல்லாம் காதில் வாங்குவதில்லை.